வலைப்பாவாடைக் காளானும் தே தாரிக் நுரையும்

"நேத்துக் காலையில காஹாங்ல ஒரு காளான் என் கண்ணு முன்னாடியே முட்டையை உடைச்சுக்கிட்டு எந்திரிச்சு, சோம்பல் முறிச்சு, வலைப்பாவாடை கட்டிக்கிட்டுச்சு. நான் ஒரு தே தாரிக் குடிச்சு முடிக்கல, அதுக்குள்ள அலங்காரமே முடிஞ்சிருச்சு லா" என்றார் சபாபதி.

ஜொகூரின் யோங் பெங் கடைத்தெருவில், கிபாயத்துல்லாவின் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்த அத்தனை வாய்களும் அப்படியே நின்றன. யாரும் சபாபதியைப் பார்க்கவில்லை. எல்லோரும் கல்லாவைப் பார்த்தார்கள். அங்கே கிபாயத்துல்லா நின்று, ஒரு கையை உயர்த்தியும் ஒரு கையைத் தாழ்த்தியும், நுரை எழ டீயை ஆற்றி, தே இழுத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கடையின் நெடுநாள் வழக்கம் அது. சபாபதி பொய்யைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். கிபாயத்துல்லா இருந்த இடத்திலிருந்தே அதை உடைப்பார். சபாபதி பாமாயில் டாங்கி லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே கைப்பேசியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வில்லையைச் செருகிக்கொண்டு, செத்த மரம் கிடக்கும் இடமெல்லாம் காளான் படம் எடுக்கப் புறப்பட்டுவிட்டார். ரப்பர் கட்டையில் முளைத்த காதுக்காளான்கள் இவர் பாடிய பாட்டுக்குத் திரும்பிப் பார்த்தன. மழைநீர் நிரம்பிய சிவப்புக் கிண்ணக் காளானில் ஒரு சருகுமான் குடும்பமே தண்ணீர் குடித்துவிட்டு, கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனது. அலமாரிப் பலகை மாதிரி மரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு காளானின் மேல் உட்கார்ந்துதான் இவர் நாசி லெமாக் சாப்பிட்டார்.

அதற்குக் கிபாயத்துல்லா அன்றைக்குக் கேட்டது இன்னும் ஊரில் சொல்லப்படுகிறது. "நீ உக்காந்து எந்திரிச்ச அப்புறம்தான் அந்த மரம் செத்துச்சா, சபா?"

அவர் குறுக்கு விசாரணையைக் கேட்பதற்காகவே கோலாலம்பூர் பேருந்துகள் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி யோங் பெங்கில் நின்றன என்று சொல்வார்கள். கழிப்பறைக்காகத்தான் நின்றன என்றும் சிலர் சொல்வார்கள். அவர்கள் ரசனை இல்லாதவர்கள்.

ஆகையால் எல்லோரும் கல்லாவைப் பார்த்தார்கள். கிபாயத்துல்லா தேயைக் குவளையில் இறக்கினார். நுரை விளிம்புக்கு மேலே குமிழ்ந்து நின்றது.

"இருக்கும், சபா" என்றார்.

அவ்வளவுதான். வாய்கள் மறுபடி மெல்லத் தொடங்கின.

ரம்ஜான் பீவி போனதிலிருந்து இப்படித்தான். கிபாயத்துல்லாவின் மனைவி ஒரு நாள் மதியம் சற்றுப் படுக்கிறேன் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மனைவியின் மய்யித்தைக் கடைசியாகப் பார்க்க வந்தவர்களை வாசலில் நின்று வரவேற்ற கிபாயத்துல்லா, ஒவ்வொருவரிடமும் டீயா கோப்பியா என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை, போட்டும் கொடுத்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அவருக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஆச்சரியப்படும் இடமும் மரத்துப் போயிருந்தது.

அதற்குப் பிறகு அவர் தலையில் ஒரு இருவாச்சிப் பறவை வந்து உட்கார்ந்திருந்தாலும் என்ன குடிக்கிறாய் என்றுதான் கேட்டிருப்பார். பருப்பு அடிப்பிடித்துக் கடையே புகைந்த அன்று, தீயணைப்பு வண்டி தவிர எல்லாம் வந்துவிட்டது. இவர் பருப்புச் சட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு மூக்கைச் சுளிக்காமல் தே இழுத்துக்கொண்டிருந்தார். இன்னொரு நாள் வெந்நீர் அவர் கையில் கொட்டியதை, சாப்பிட்டுக்கொண்டிருந்த மோட்டார் பட்டறை மூர்த்திதான் எழுந்து வந்து சொன்னார். கிபாயத்துல்லா கையைப் பார்த்தார். சிவந்திருந்தது. சரி என்றார்.

சரி, இருக்கும். இந்த இரண்டு சொற்களில் அவர் காலத்தை ஓட்டினார். கெலாங் பாத்தாவில் இருக்கும் மகள் ஃபரீஹா, இனித் தனியாக இருக்க வேண்டாம், என்னோடு வந்துவிடுங்கள், கடையை வாடகைக்கு விட்டுவிடலாம் என்றாள். சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை கடையைப் பார்க்க ஆள் வருகிறார்கள் என்றாள். அதற்கும் சரி. மகள் மேல் தப்பில்லை. வீட்டுக்குப் போனால் அவர் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று அண்டை வீட்டார் சொல்லியிருந்தார்கள். கடையைக் கொடுத்துவிட்டால் அவர் மகள் வீட்டில், பன்னிரண்டாவது மாடியில், கடல் தெரியும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் சரி சொல்லலாம்.

இது சபாபதிக்குப் பொறுக்கவில்லை. பொய் சொல்கிறவனுக்குச் சோறு வேண்டாம், நம்பாதவன் ஒருவன் வேண்டும். கிபாயத்துல்லா எதையும் நம்ப மறுத்த காலத்தில் சபாபதியின் பொய்கள் அளவோடு இருந்தன. அவர் எதையும் நம்பத் தொடங்கியதும் பொய்கள் நாளுக்கு நாள் வீங்கின. ஒரு நாள் காளான் பேசியது. மறுநாள் மலாயில் பேசியது. இருக்கும் என்றார் கிபாயத்துல்லா.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஞாயிறு வர அதிகம் இல்லை. சபாபதி கைப்பேசியை நீட்டினார். அதில் இரண்டு படங்கள். ஒன்றில் மட்கிய ரப்பர் கட்டையின் ஓரத்தில் முட்டை மாதிரி ஒன்று. மற்றொன்றில் வெள்ளைத் தண்டும், அதைச் சுற்றி வலைத்துணி விரித்தாற்போல் ஒரு பாவாடையும். மூர்த்தி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இது சாப்பாட்டை ஈ மொய்க்காமல் மூடும் துடுங் சாஜி, அகப்பைக்கு மேல் கவிழ்த்து எடுத்திருக்கிறார் என்று தீர்ப்புச் சொன்னார். வீடியோ எங்கே என்று யாரோ கேட்டார்கள். காளான் படங்களால் கைப்பேசி நிறைந்துபோய் வீடியோவுக்கு இடமில்லையாம். கடை சிரித்தது.

கிபாயத்துல்லா சிரிக்கவில்லை. சபாபதி கடைசி ஆணியை அடித்துப் பார்த்தார்.

"நம்பலையா? பாய் கையால போட்ட தேதான். இங்கேருந்து புங்குஸ் கட்டிக்கிட்டுப் போனேன். கட்டை மேல உக்காந்து ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினேன். மேல நுரை ரெண்டு விரக்கடை நின்னுச்சு."

கிபாயத்துல்லாவின் கை பாதி வழியில் நின்றது. தே ஒரு கயிறு போல் காற்றில் தொங்கி அறுந்தது.

"புங்குஸ்லயா?" என்றார்.

"புங்குஸ்தான் பாய். பிளாஸ்டிக் பை, ஓரத்துல முடிச்சு."

"காஹாங் வரைக்கும்?"

"காஹாங் வரைக்கும்."

"நுரையா?"

"நுரைதான்."

"பொய்" என்றார் கிபாயத்துல்லா.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கோபமும் இல்லை. ரொட்டி தீர்ந்துவிட்டது என்று சொல்லும் குரலில்தான் சொன்னார். ஆனால் கடையில் விழுந்த அமைதியில் ஜொகூர் நீரிணைக்கு அந்தப் பக்கம் ஒருவர் தும்மியிருந்தாலும் கேட்டிருக்கும். மூர்த்தியின் மடியில் பருப்பு கொட்டியது. அவர் துடைக்கவில்லை.

சபாபதியின் முகம் விரிந்தது. லாட்டரி விழுந்தவன்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டான். ஆனாலும் கெட்டிக்காரர், சிரிப்பை விழுங்கிக்கொண்டு வருத்தப்படுவது போலக் கேட்டார்.

"நுரை பொய்யின்னா காளானும் பொய்யா, பாய்?"

"காளான் எனக்குத் தெரியாது. நுரை தெரியும்." கிபாயத்துல்லா துணியை எடுத்து, சிந்திய தேயைத் துடைத்தார். "பையில கட்டுன தேயில நுரை நிக்காது. நுரையில பொய் சொல்றவன் காளான்லயும் சொல்லுவான்."

அதே இடத்தில் இன்னொரு முட்டை இருக்கிறது, நாளைக் காலை கட்டாயம் உடையும், வந்து பாருங்கள் என்றார் சபாபதி. கிபாயத்துல்லா சரி என்று சொல்லவில்லை. தேயை நான்தான் கட்டுவேன் என்றார்.

மறுநாள் அதிகாலை சுபுஹு தொழுகை முடிந்ததும் கிளம்பினார்கள். சபாபதியின் பழைய காரில் முன் இருக்கையில் கிபாயத்துல்லா. அவர் விரலில் தே தாரிக் பை தொங்கியது. இழுத்து இழுத்து, பையில் முக்கால்வாசி நுரையே நிற்கும்படி கட்டியிருந்தார். நியாயமான விசாரணை என்றால் குற்றவாளிக்கும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும்.

சபாபதி வழியெல்லாம் பேசினார். ஓரிடத்தில் இவர் லாரியை ஒரு யானை முந்திக்கொண்டு போயிருந்தது. கிபாயத்துல்லா பையையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆயர் ஹீத்தாமில் நுரை மோதிரம் போல் ஓரத்துக்குச் சுருங்கியது. குளுவாங் தாண்டுவதற்குள் ஒன்றும் இல்லை. பழுப்புத் தண்ணீர்.

"பாத்தியா?"

"நான் ரோட்டைப் பாக்குறேன் பாய். வண்டி ஓட்டும்போது நுரையைப் பாக்கக் கூடாது, சட்டம்."

வென்றுவிட்ட மகிழ்ச்சி எதுவும் கிபாயத்துல்லாவுக்கு வரவில்லை. வரும் என்று கொஞ்சம் எதிர்பார்த்தார். நுரை இருந்தது, இல்லாமல் போனது, அது அவருக்கு முன்பே தெரியும். ஜன்னலுக்கு வெளியே பாமாயில் தரும் செம்பனை மரங்கள் வரிசை வரிசையாகத் திரும்பிக்கொண்டே இருந்தன. நாளைக்கு ஃபரீஹா வருவாள். அதுவும் ஒரு செம்பனை வரிசை போல நினைவில் திரும்பிப் போனது.

காஹாங் தாண்டி, தோட்டத்தின் ஓரத்தில், யாரும் வெட்டாமல் விட்டுவிட்ட பழைய ரப்பர்க் காட்டில் இறங்கினார்கள். பாதி மரங்கள் செத்து விழுந்திருந்தன. சபாபதி குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் ஒரு குடையை வைத்திருந்தார். சருகை அதன் முனையால் விலக்கிவிட்டுத்தான் அடுத்த காலை வைத்தார். எதையும் தொடவில்லை, ஒடிக்கவில்லை. விழுந்த மரத்துக்கு நேராகப் போகாமல் வெளிச்சம் வரும் பக்கத்தைச் சுற்றிக்கொண்டு போனார். காதுக்காளான் காட்டினார். சிவப்புக் கிண்ணம் காட்டினார், அது உண்மையிலேயே சிவப்பாக, உண்மையிலேயே தண்ணீர் நிரம்பி இருந்தது. நாசி லெமாக் சாப்பிட்ட அலமாரிக் காளானையும் காட்டினார். அதில் ஒரு கோழிக்குஞ்சு உட்காரலாம்.

கிபாயத்துல்லா பார்த்தார். காளான். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

முட்டை ஒரு மட்கிய கட்டையின் அடியில் இருந்தது. சாம்பல் பூசி விற்கும் உப்பு முட்டை மாதிரி மங்கிய வெள்ளை. உச்சியில் ஏற்கெனவே விரிசல். சபாபதி மழைக்கோட்டைத் தரையில் விரித்துவிட்டு, தன் வயிற்றையும் முழங்காலையும் பரிதாபமாகப் பார்த்தார். அவரால் படுக்க முடியும், எழ முடியாது. போன வாரம் எடுக்கும்போது தோட்டத்து ஆள் ஒருவன் வந்து தூக்கிவிட்டானாம்.

"நீங்க படுங்க பாய். இந்தப் பொத்தானை அழுத்திக்கிட்டே இருங்க. நிறுத்தாதீங்க."

கிபாயத்துல்லா வாழ்நாளில் படம் எடுத்ததில்லை. ரம்ஜான் பீவிதான் எடுப்பார், எல்லோருடைய தலையையும் வெட்டிவிடுவார். கிபாயத்துல்லா வெள்ளை ஜிப்பாவோடு மழைக்கோட்டின் மேல் குப்புறப் படுத்து, கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்து, சொன்ன பொத்தானை அழுத்தத் தொடங்கினார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கொசு கடித்தது. சபாபதி கட்டை மேல் உட்கார்ந்து நுரையில்லாத தேயை நுரையிருப்பது போலவே உறிஞ்சினார். பிறகு விரிசல் வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து பச்சையும் கறுப்புமாகக் குழம்பு பூசிய ஒரு தலை எட்டிப் பார்த்தது. அதன் பின்னால் வெள்ளைத் தண்டு. தண்டு வளர்வது தெரிந்தது. செடி வளர்வது போல நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட்டுத் தெரிந்துகொள்வது அல்ல, கண் முன்னாலேயே, அடுப்பில் பால் ஏறுவது போல.

அப்போதுதான் நாற்றம் வந்தது. செத்த எலி, மீன் சந்தைச் சாக்கடை, மூடி வைத்து மறந்துபோன ஆட்டுக் குடல், மூன்றும் சேர்ந்து கல்யாணம் பண்ணிக்கொண்ட நாற்றம். காடே மூக்கைப் பிடித்துக்கொண்டது. ஈக்கள் எங்கிருந்தோ விருந்துக்கு வந்தன.

கிபாயத்துல்லாவின் மூக்கு சுளித்தது.

"நாறுது, சபா."

சபாபதி உறிஞ்சுவதை நிறுத்தினார். புகைந்த பருப்புச் சட்டிக்குப் பக்கத்தில் மூக்கைச் சுளிக்காமல் நின்ற மனிதர் இவர். "நல்லா நாறுதா பாய்?" என்று மெல்லக் கேட்டார்.

"குடலைப் பொரட்டுது."

"அல்ஹம்துலில்லா சொல்லுங்க" என்றார் சபாபதி. சிவபக்தர் அவர்.

கிபாயத்துல்லா காளானிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதன் தலைக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஏதோ கசிந்தது. சுருண்டிருந்த நூல் போல இருந்தது, பிறகு விளிம்பு தெரிந்தது, பிறகு கண்ணிகள் தெரிந்தன. வலை இறங்கத் தொடங்கியது. யாரோ உள்ளே உட்கார்ந்து கொக்கி ஊசியால் பின்னிப் பின்னி வெளியே தள்ளுவது போல, நின்று நின்று, இறங்கியது. பால் சட்டிக்குப் போட ரம்ஜான் பீவி பின்னும் வலைமூடியும் நடுவிலிருந்துதான் தொடங்கும். ஒரு கண்ணி பெரிதாகவும் ஒரு கண்ணி சிறிதாகவும் வரும், இதில் கொசு போகும் ஈ போகாது என்று கிபாயத்துல்லா கேலி செய்வார். பாதியில் நின்ற கடைசி மூடி, ஊசியோடு, இன்னும் கல்லாப் பெட்டியில் கிடக்கிறது.

சட்டைப் பையில் இருந்த அவருடைய சொந்தக் கைப்பேசி நெஞ்சுக்கு அடியில் அதிர்ந்தது. அழுத்துவதை நிறுத்தாமல் இடது கையால் எடுத்தார். ஃபரீஹா. நாளைக்கு அவர்கள் கடை பார்க்க வருகிற நேரத்தைச் சொன்னாள். முன்னதாக வரட்டுமா என்று கேட்டாள்.

"இப்பப் பேச முடியாதும்மா. பாவாடை எறங்கிக்கிட்டு இருக்கு."

"அத்தா?"

"அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார்.

வலை தரையைத் தொட்டது. ஒரு சிறு ஈ அதன் கண்ணிக்குள் நுழைந்து வெளியே வந்தது.

"கண்ணி ஒண்ணு போல இல்ல" என்றார் கிபாயத்துல்லா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. சபாபதிக்குப் பொய் எதுவும் வாயில் வரவில்லை, அவர் வாழ்க்கையில் அது ஒரு சம்பவம்.

எழுவதற்குத்தான் நேரமாயிற்று. தூக்கிவிடப் போன சபாபதியும் சேர்ந்து விழுந்தார். இருவரும் சேற்றோடு காருக்கு வந்தார்கள். குளுவாங் வருவதற்குள் கிபாயத்துல்லாவின் உள்ளே பழைய மரப்பு வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அவர் அதை எதிர்க்கவில்லை. சட்டையில் ஒட்டியிருந்த நாற்றம் மட்டும் விடாமல் கூட வந்தது. ஜன்னலை இறக்கி வைத்துக்கொண்டார்.

கடைக்கு வந்தபோது ஃபரீஹா அங்கே இருந்தாள். அத்தாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்து கெலாங் பாத்தாவிலிருந்து பறந்து வந்திருந்தாள். வழியில் எந்தக் காமிராவும் படம் பிடிக்க முடியாத வேகம் என்று மூர்த்தி பிறகு சொன்னார். அத்தாவின் ஜிப்பாவில் சேறு, தாடியில் சருகு. அவள் சருகை எடுத்துப் போட்டாள்.

மூர்த்தி படம் கேட்டார். சபாபதி கைப்பேசியை மன்னன் செங்கோல் நீட்டுவது போல நீட்டினார். முதல் படத்தில் ஒரு மூக்கு. அடுத்ததில் மூக்கும் தாடியும். அதற்கடுத்ததில் இரண்டு கண், பாதித் தொப்பி. புரட்டப் புரட்டக் கிபாயத்துல்லாவேதான் வந்தார். காமிரா தன் பக்கம் திரும்பியிருந்ததை அவர் பார்க்கவே இல்லை, கண் முழுக்கக் காளான் மேல் இருந்திருக்கிறது. ஒரு படத்தில்கூடக் காளான் இல்லை.

"அலமாக்" என்றார் மூர்த்தி. "காளானுக்குத் தாடி இருக்கே." கடை குலுங்கியது.

சபாபதி மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவர் கையில் ஒரு முழு உண்மை இருந்தது, அதற்குச் சாட்சி இல்லை. வாயைத் திறந்தார். இந்தத் தடவை நிஜம் என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததால் அதுவே பெரிய பொய்யாகக் கேட்டது. எல்லோரும் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

ஃபரீஹா கைப்பேசியை வாங்கி மறுபடி புரட்டினாள். ஒரு படத்தில் நின்றாள். அதில் கிபாயத்துல்லாவின் மூக்கு சுளித்திருந்தது. இன்னொன்றில் வாய் திறந்திருந்தது. அவள் அதைப் பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள், அணைத்துவிட்டுச் சபாபதியிடம் கொடுத்தாள்.

"அத்தா, நாளைக்கு அவங்க வர்றாங்க."

கிபாயத்துல்லா கையைக் கழுவிக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் போனார். பருப்புச் சட்டி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். யாரோ அடிப்பிடிக்க விட்டிருக்கிறார்கள் என்றார். பிறகுதான் மகளைப் பார்த்தார்.

"வரட்டும். தே குடிச்சிட்டுப் போகட்டும்."

"அப்ப கடை?"

"கடை இருந்தாத்தானம்மா தே குடுக்க முடியும்."

ஃபரீஹா பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மூர்த்திக்கு அது போதவில்லை. அவர் எழுந்து நின்று, வழக்கு மன்றத்தில் கேட்பது போலக் கேட்டார்.

"பாய், சபாபதி பேச்சை விடுங்க. நீங்க சொல்லுங்க. காளான் பாவாடை கட்டுச்சா, இல்லையா?"

எல்லோரும் கல்லாவைப் பார்த்தார்கள். கிபாயத்துல்லா தே இழுக்கத் தொடங்கியிருந்தார். ஒரு முறை இழுத்தார். இன்னொரு முறை. குவளையில் இறக்கி, நுரை ஏறி நிற்பதைப் பார்த்துவிட்டு, அதைச் சபாபதியின் முன்னால் வைத்தார்.

"கட்டுச்சு. நான் பாத்தேன்" என்றார். "நுரைதான் இல்ல."